வரி ஓடிய பலகை: எலெக்ட்ரிக் கிட்டாரின் முகத்துக்கான தேடல்

அறுத்து ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கும் மேப்பிள் பலகையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வெளுத்துப்போன, ரம்பத்தின் கீறல் விழுந்த ஒரு மரத்துண்டு, அவ்வளவுதான். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் கதை மாறும். பலகையின் குறுக்கே விரல் அகலத்துக்கு வெளிச்சமும் நிழலுமாகப் பட்டைகள் எழும். பலகையைச் சற்றே சாய்த்தால் ஒளிர்ந்த இடம் இருளும், இருண்ட இடம் ஒளிரும். மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையை வெயிலில் விரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தை பழக்கமானதுதான். ஈரம் காய்ந்ததும் பலகை பழையபடி ஊமையாகிவிடும்.

சில நிமிடமே நிற்கும் இந்தக் காட்சிக்காக எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறவர்கள் காட்டையும் மரவாடியையும் விறகுக் குவியலையும் துழாவுகிறார்கள். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளில் வரி ஓடியது பல மடங்கு விலைக்குப் போகிறது. இந்த வரி எப்படி உண்டாகிறது, எங்கே கிடைக்கிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதற்கான விலையை யாரெல்லாம் கொடுக்கிறார்கள், கொடுத்த விலைக்கு இசையில் ஏதாவது திரும்பி வருகிறதா என்பவற்றை ஒழுங்காகப் பார்த்துவிடுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

வரி என்பது என்ன

மரத்தின் இழைகள் நுண்ணிய குழாய்கள். பெரும்பாலான மரங்களில் அவை அடியிலிருந்து நுனிவரை நேராக ஓடுகின்றன. சில மரங்களில் அலையலையாக வளைந்து ஓடுகின்றன. அப்படிப்பட்ட கட்டையைக் கோடரியால் பிளந்தால் பிளந்த முகமே தகரக்கூரை போல மேடும் பள்ளமுமாக இருக்கும். அதை இழைத்துச் சமமாக்கும்போது சில இடங்களில் இழைகள் மேற்பரப்போடு படுத்திருக்கும், சில இடங்களில் நுனி வெட்டுப்பட்டு வாய் திறந்து நிற்கும். படுத்த இழை ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. வாய் திறந்த இழை ஒளியை உள்வாங்குகிறது, சாயத்தையும் கூடுதலாகக் குடிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் பட்டைகள் முழுவதும் ஒளியின் விளையாட்டு. மரத்தில் தனியாக ஒரு நிறமும் கிடையாது.

வரியில் வகைகள் உண்டு. குறுக்கே புலிவரி போல ஓடுவதை ‘ஃப்ளேம்’ என்கிறார்கள். வயலினின் முதுகுப் பலகைக்கு ஐரோப்பியக் கைவினைஞர்கள் நூற்றாண்டுகளாகத் தேடியது இதைத்தான். பஞ்சு திணித்துத் தைத்த மெத்தையைப் போலப் புடைப்பும் பள்ளமுமாகத் தெரிவது ‘குவில்ட்’. கைவைத்தால் மேடு தட்டும் என்று தோன்றும், தடவினாலோ கண்ணாடி போல வழுக்கும். சிறு சிறு சுழிகள் சிதறிக் கிடந்தால் ‘பறவைக்கண்’. அடிமரத்திலோ தண்டிலோ கட்டியாகப் புடைத்து வளரும் மரக்கழலையை அறுத்தால் நூற்றுக்கணக்கான மொட்டுக் கண்கள் தெரியும். கிளை பிரியும் கவட்டையை அறுத்தால் இறகு விரித்தது போன்ற வரி கிடைக்கும். விழுந்த மரத்தில் பூஞ்சை ஏறி, ஒரு பூஞ்சைக் கூட்டம் இன்னொன்றுக்கு எதிராகக் கட்டிய எல்லைச் சுவர்கள் கருமைக் கோடுகளாக நிற்பது ‘ஸ்பால்ட்’. பூஞ்சையை இன்னும் கொஞ்ச நாள் விட்டுவைத்தால் மரம் உளுத்துத் தூளாகும். உரிய நேரத்தில் அறுத்து உலர்த்தினால் ஓவியமாகும்.

அலை ஏன் உண்டாகிறது என்பதற்கு ஒற்றை விடை இல்லை. கனத்த கிளைக்கு அடியிலும் சாய்ந்த தண்டின் உள்வளைவிலும் அழுத்தத்தால் சுருக்கம் விழுவது உண்டு. முழுத்தண்டிலும் அலை ஓடும் மரங்களில் பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. பறவைக்கண்ணுக்குப் பறவை கொத்தியது, பூஞ்சை தாக்கியது, நிழலில் நெருக்குண்டு வளர்ந்தது என்று பல காரணங்கள் சொல்லிப் பார்த்தார்கள். எதையும் செய்துகாட்டி நிரூபிக்க முடியவில்லை. ஒரே சரிவில் தோளோடு தோள் நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்று வரியோடும் மற்றது வெறுமையாகவும் இருக்கும்.

வரிக்கு விலை வந்த கதை

குடைவில்லாத திட உடல் எலெக்ட்ரிக் கிட்டார் பிறந்தபோது மரத்தின் அழகைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1940-களின் தொடக்கத்தில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் செய்த சோதனைக் கருவி நாலு அங்குலத்துக்கு நாலு அங்குலப் பைன் கட்டைதான். பார்ப்பவர்களுக்குக் கிட்டாராகத் தெரியவேண்டும் என்பதற்காக இரண்டு பக்கமும் இறக்கைகளை ஒட்டிவைத்தார். 1952-இல் கிப்சன் நிறுவனம் அவர் பெயரில் கிட்டாரை வெளியிட்டபோது மகோகனி உடலின் மேல் மேப்பிள் முகப்பு வைத்துச் செதுக்கியது. அந்த மேப்பிளைத் தங்க நிறப் பூச்சு மூடிவிட்டதால் உள்ளே வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

விற்பனை சரிந்ததும் 1958-இல் பூச்சை மாற்றினார்கள். நடுவில் மஞ்சளும் ஓரத்தில் செர்ரிச் சிவப்புமாக, மரம் தெரியும்படியான பூச்சு. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரத் தொழிற்சாலையில் கைக்குக் கிடைத்த மேப்பிள் பலகைகளைப் பொருத்தினார்கள். சிலவற்றில் புலிவரி, சிலவற்றில் மெல்லிய அலை, சிலவற்றில் ஒன்றுமேயில்லை. 1960-உடன் அந்த வடிவம் நின்றுபோனது. மொத்தம் சுமார் 1,500 கிட்டார்கள் என்பது பொதுவான கணக்கு. 1966-இல் ஜான் மேயாலின் இசைத்தட்டில் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அவற்றில் ஒன்றை வாசித்தார், 1969-இல் இன்னொரு கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜ் ஒன்றை வாங்கினார். கடையில் தேங்கிக் கிடந்த சரக்கு தேடப்படும் பொருளாயிற்று. சிவப்புச் சாயம் வெயிலில் வெளிறிப் பல கிட்டார்கள் தேன் நிறத்துக்கு வந்தபோது உள்ளிருந்த வரி இன்னும் துலங்கியது. இன்று அவை பல லட்சம் டாலருக்குக் கைமாறுகின்றன. வரிக்கு இவ்வளவு மதிப்பு வந்ததில் தற்செயலுக்குப் பெரிய பங்கு உண்டு.

அந்த மதிப்பைத் தொழிலாக்கியவர்களில் முதன்மையானவர் மேரிலாந்து மாநிலத்தின் பால் ரீட் ஸ்மித். 1985-இல் நிறுவனம் தொடங்குவதற்கு முன், தனியாளாகக் கிட்டார் செய்துகொண்டிருந்த காலத்தில், பழைய இழுப்பறைப் பெட்டி ஒன்றின் முகப்புப் பலகைகளில் புலிவரி இருப்பதைக் கண்டு அவற்றைக் கழற்றிக் கிட்டாருக்கு முகப்பாக்கினார். பிறகு அவருடைய நிறுவனமே நல்ல வரி உள்ள முகப்புக்கு ‘டென் டாப்’ என்று பெயர் சூட்டிக் கூடுதல் விலை வைத்தது. மற்றவர்களும் அதே வழியில் போனார்கள்.

எந்த மரம், எந்த ஊர்

குவில்ட் வரிக்குத் தாயகம் பசிபிக் கடலோரம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து கலிபோர்னியா வரை வளரும் அகன்ற இலை மேப்பிள், பாசி போர்த்திய கிளைகளும் ஓரடி அகல இலைகளுமாக ஈரக்காட்டில் நிற்கும். டக்ளஸ் ஃபர் மரத்தைப் பணப்பயிராகக் கண்ட வனத்துறையினருக்கும் மர நிறுவனங்களுக்கும் இது நீண்ட காலம் களைதான். வெட்டி எரித்தார்கள், மருந்தடித்துக் கொன்றார்கள், விறகாக விற்றார்கள். விறகுக்குப் பிளந்தபோது அலை தெரிந்த கட்டைகளைத் தனியே எடுத்துவைத்தவர்கள் புதியதொரு வியாபாரத்தைத் தொடங்கிவைத்தார்கள்.

பறவைக்கண்ணுக்குப் பேரேரிகளைச் சுற்றிய காடுகள், குறிப்பாக மிச்சிகனின் மேல் தீபகற்பம், பேர்போனவை. அங்கே வளர்வது சர்க்கரை மேப்பிள். அது கெட்டியான மரம் என்பதால் கிட்டாரின் கழுத்துக்கும் போகிறது. ஹவாய்த் தீவுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையாக வளராத கோவா மரம் பொன்னும் பழுப்புமாக அலையடிக்கும். பின்லாந்திலும் ரஷ்யாவின் கரேலியாவிலும் வளரும் பூர்ச்ச மரத்தின் ஒரு வகையில் பளிங்குக்கல் போன்ற வரி விழுகிறது.

கலிபோர்னியாவின் வால்நட் தோப்புகள் தனிக் கதை. கருப்பு வால்நட் வேரில் ஆங்கில வால்நட் கிளையை ஒட்டுப்போட்டு வளர்ப்பது அங்கே வழக்கம். ஒட்டுப்போட்ட இடத்தில் இரண்டு மரங்களும் மல்லுக்கட்டி வளர்ந்து, கருமையும் தேன்நிறமும் குழம்பிய வரி உண்டாகிறது. காய்ப்பு ஓய்ந்து தோப்பை அழிக்கும்போது வேரோடு தோண்டி எடுக்கும் அடிமரம் கிட்டார்ப் பட்டறைக்கு வருகிறது. காட்டில் ஒரு மரத்தையும் தொடாமல் கிடைக்கும் வரி இது.

தேடலின் புராணக் கதை மத்திய அமெரிக்காவில் நடந்தது. 1965-இல், அன்றைய பிரிட்டிஷ் ஹோண்டுராஸில், அதாவது இன்றைய பெலீஸில், சிக்கிபுல் காட்டில் ஒரு மகோகனி மரத்தை வெட்டினார்கள். ஆமை ஓட்டைப் போன்ற வரி மரம் முழுக்க ஓடியிருந்தது. வெட்டிய மரம் எதிர்த்திசையில் சாய்ந்து பள்ளத்தாக்கில் விழ, தூக்க வழியில்லாமல் விட்டுவிட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் தேடிப்போய்த் துண்டுபோட்டு எடுத்து வந்தார்கள். கிட்டார் உலகம் அதற்கு வேறு பெயர் எதுவும் வைக்கவில்லை, ‘அந்த மரம்’ என்றாலே புரியும். அதன் கடைசித் துண்டுகள்வரை பெரும் விலைக்குப் போயின.

நிற்கும் மரத்தில் கண்டுபிடிப்பது

அனுபவசாலிகள் முதலில் பட்டையைப் பார்ப்பார்கள். உள்ளே அலை வலுவாக இருந்தால் சில மரங்களில் அது பட்டைக்கு அடியிலும் மடிப்பாகத் தெரியும். பக்கவாட்டில் வெயில் விழும் காலையிலோ மாலையிலோ பார்த்தால் இன்னும் நன்றாகப் புலப்படும். அடிமரம் வேரோடு சேரும் இடத்திலும் கிளைகளுக்கு அடியிலும் கண் ஓட்டுவார்கள். ஆனால் அவை வெறும் அடையாளங்கள். வேரடியில் முழங்கால் உயரத்துக்கு வரி ஓடி, அதற்கு மேல் நேர் இழையாகிவிடும் மரங்கள் ஏராளம்.

உறுதிப்படுத்த ஒரே வழி, பட்டையைக் கொஞ்சம் வெட்டி எடுத்து உள்மரத்தைப் பார்ப்பது. உள்ளங்கை அளவுக்கு ஒரு ஜன்னல் திறந்தால் போதும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வரி இல்லாத மரத்துக்கும் அந்தக் காயம் மிஞ்சும், காயத்தின் வழியே பூஞ்சை ஏறும். அமெரிக்க வடமேற்கின் அரசுக் காடுகளில் இப்படிப் பட்டை கொத்தப்பட்டு நிற்கும் மேப்பிள்கள் திருடர்கள் வந்துபோனதற்கான முதல் தடயம்.

மரம் கிடைத்த பிறகும் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறோம். எப்படி அறுக்கிறோம் என்பதில் மீதி இருக்கிறது. புலிவரி தெரிய வேண்டுமானால் மரத்தின் மையத்திலிருந்து பட்டையை நோக்கி, ஆரத்தின் வாக்கில் அறுக்க வேண்டும். குவில்ட்டும் பறவைக்கண்ணும் தெரிய வேண்டுமானால் வளையங்களை ஒட்டித் தட்டையாக அறுக்க வேண்டும். திசை மாறினால் வரி இருந்த மரம் வெறும் பலகையாகிவிடும்.

கணக்கும் இடம் கொடுக்காது. கிட்டாரின் முகப்புக்கு 8 அங்குல அகலமும் 22 அங்குல நீளமும் உள்ள இரண்டு பாதிகள் தேவை. ஒரே கட்டையைத் தடிமனின் நடுவில் பிளந்து, புத்தகத்தை விரிப்பதுபோல் விரித்து ஒட்டினால் இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பமாக அமையும். ஆரத்தின் வாக்கில் 8 அங்குலப் பலகை எடுக்க, மையத்தையும் பட்டையோரத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மரம் இரண்டடி விட்டத்துக்காவது பருத்திருக்க வேண்டும். அவ்வளவு பருத்த மரத்துக்கு வயது அதிகம்.

பிறகு உலர்த்தல். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஓராண்டு நிழலில் காயவிடுவது பழைய கணக்கு. அதன்பின் சூளையில் வைத்து ஈரத்தை 6 முதல் 8 சதவீதத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இழை வளைந்து ஓடுவதால் வரிமரம் நேர்மரத்தைவிட எளிதில் கோணும். இழைப்புளி போட்டாலும் அடங்காது. அலையின் ஏறுமுகத்தில் வழுவழுப்பாகப் போகும் கத்தி இறங்குமுகத்தில் இழையைப் பிடுங்கிக் குழி பறிக்கும். அதனால் கடைசி வேலையைச் சுரண்டும் தகட்டுக்கும் உப்புத்தாளுக்கும் விட்டுவிடுகிறார்கள்.

மரவாடியில்

வாங்குகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தரப்பெயரைப் பற்றி. ஓர் ‘ஏ’ போட்டால் சாதாரணம், ஐந்து ‘ஏ’ போட்டால் உச்சம் என்று ஒரு வரிசை புழங்குகிறது. அதை அளந்து முத்திரை குத்தும் பொது அமைப்பு எதுவும் இல்லை. ஒரு கடையின் மூன்று ‘ஏ’ இன்னொரு கடையின் ஐந்து ‘ஏ’ ஆகலாம். ஆகவே எழுத்தை விட்டுவிட்டுப் பலகையைப் பார்ப்பதே புத்தி. படத்தில் பார்த்து வாங்குவதாக இருந்தால் காய்ந்த பலகையின் படத்தையும் ஈரமாக்கிய பலகையின் படத்தையும் இரண்டு கோணங்களில் கேட்க வேண்டும். ஒரு கோணத்தில் மட்டும் மின்னும் வரி சுவரில் மாட்டினால் காணாமல் போகும்.

ஜோடிப் பலகைகளிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இழை மேற்பரப்புக்குச் சாய்வாக ஓடினால், விரித்து ஒட்டும்போது ஒரு பாதியில் அது மேல்நோக்கியும் மறு பாதியில் கீழ்நோக்கியும் சாய்ந்துவிடும். இடப்பக்கம் பளபளக்கும்போது வலப்பக்கம் இருண்டு கிடக்கும். ஒரே மரம், ஒரே வெட்டு, ஆனாலும் இரண்டு நிறம். சிலர் அதைக் குறை என்பார்கள், சிலர் அழகு என்பார்கள்.

கண்ணைப் பறிக்கும் வரிக்குப் பின்னால் சாயத்தின் கைவரிசையும் இருக்கும். முதலில் கருஞ்சாயம் பூசுவார்கள். வாய் திறந்த இழைகள் அதைக் குடித்துக்கொள்ளும். காய்ந்ததும் தேய்த்து எடுத்தால் படுத்த இழைகள் வெளுத்து, குடித்த இடம் மட்டும் கருமையாக நிற்கும். அதன்மேல் பொன்னிறமோ நீலமோ ஏற்றுவார்கள். சுமாரான வரியும் இந்த வழியில் எடுப்பாகும்.

வரியின் ருசிக்கு நியாயம் பார்க்கத் தெரியாது என்பதற்குக் கருங்காலி சாட்சி. அங்கே கோடு விழுந்தால் மதிப்பு இறங்கும், முழுக் கருப்புக்குத்தான் விலை. கேமரூன் நாட்டில் 2011-இல் ஒரு கருங்காலி மில்லை வாங்கிய டெய்லர் கிட்டார் நிறுவனத்தின் பாப் டெய்லர், வெட்டும் பத்து மரங்களில் ஒன்றே முழுக் கருப்பாக இருப்பதாகவும், பழுப்புக் கோடு ஓடிய மற்றவற்றைக் காட்டிலேயே விட்டுவிட்டு வருவதாகவும் அறிந்து அதிர்ந்தார். கோடு ஓடிய கருங்காலியையும் தன் கிட்டார்களில் வைக்கத் தொடங்கினார். மேப்பிளில் கோடு இல்லையென்றால் வேண்டாம், கருங்காலியில் கோடு இருந்தால் வேண்டாம். இரண்டுக்கும் பலியானது மரம்.

காட்டில் எரிந்தது

2018 ஆகஸ்டில் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் தேசிய வனத்தில் சிலர் ஒரு மேப்பிளை வெட்டப் போனார்கள். மரத்தடியில் குளவிக்கூடு இருந்தது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். தீ அடங்கவில்லை. சுமார் 3,300 ஏக்கர் எரிந்தது. அதற்கு முன்பே அந்தக் கும்பல் வெட்டி விற்ற மேப்பிளை ஒரு மில்லில் கண்டெடுத்து, அதன் மரபணுவைக் காட்டில் நின்ற அடிக்கட்டைகளின் மரபணுவோடு ஒப்பிட்டார்கள். பொருந்தியது. அமெரிக்க மத்திய அரசின் குற்ற வழக்கொன்றில் மரத்தின் மரபணு சாட்சி சொன்னது அதுவே முதல்முறை. 2021-இல் ஒருவருக்கு 20 மாதச் சிறை கிடைத்தது. மரத்திருட்டு நிரூபணமானது, தீ வைத்தது தொடர்பான குற்றச்சாட்டுகள் நிலைக்கவில்லை.

சட்டம் முன்பே இருக்கிறது. 1900-இல் வந்த லேசி சட்டத்தை 2008-இல் திருத்தி, முறைகேடாக வெட்டிய மரத்தை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கினார்கள். மடகாஸ்கர் கருங்காலி தொடர்பாக 2009-இலும் இந்தியாவிலிருந்து போன ஈட்டி, கருங்காலிப் பலகைகள் தொடர்பாக 2011-இலும் கிப்சன் ஆலைகளில் சோதனை நடந்தது. 2012-இல் அந்த நிறுவனம் 3 லட்சம் டாலர் தண்டம் கட்டவும், இயற்கைப் பாதுகாப்புக்கு 50 ஆயிரம் டாலர் தரவும் ஒப்புக்கொண்டது. சர்வதேச அளவில் பிரேசில் ஈட்டிக்கு 1992-இல் ஏறத்தாழ முழுத் தடை வந்தது. 2017 தொடக்கத்தில் ஈட்டிக் குடும்பம் முழுவதும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. 2019 இறுதியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் பெரும்பாலான ஈட்டி வகைகளில் விலக்கு தந்தார்கள். பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கு இல்லை.

அகன்ற இலை மேப்பிள் இந்தப் பட்டியல் எதிலும் இல்லை. அது அருகிவரும் மரமும் அன்று. அருகாத மரத்தில்கூட வரி ஓடியது மட்டும் அருமை என்பதால் திருட்டு நடக்கிறது. இனத்தை மட்டும் பார்க்கும் பட்டியலின் கண்ணில் இது படுவதில்லை.

நம் பக்கத்துச் சாட்சி

இதே நோய் நம் ஊருக்குப் பக்கத்திலும் உண்டு. ஆந்திரத்தின் சேஷாசலம் தொடங்கிக் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு பரப்பில் மட்டும் இயற்கையாக வளரும் செம்மரத்திலும் சில மரங்களில் அலைவரி ஓடுகிறது. ஜப்பானில் ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தின் கழுத்துக்கு இந்த மரமே உயர்ந்தது. அதிலும் அலைவரி உள்ளதற்குத் தனி மதிப்பு. சந்தையிலும் அலைவரிக் கட்டை முதல் தரமாகவே பிரிக்கப்படுகிறது. சீனாவின் மரச்சாமான் சந்தையும் சேர்ந்துகொள்ள, 1995 முதல் சர்வதேசக் கட்டுப்பாட்டில் இருந்தும் கடத்தல் நிற்கவில்லை.

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறையின் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களிலிருந்து கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். செம்மரம் கிட்டாருக்குப் போகும் மரம் அன்று. ஆனாலும் வரியின் விலை மேலே ஏற ஏற, அந்தச் சங்கிலியின் அடிக்கண்ணியில் நிற்பவர் கோடரி பிடித்த கூலியாள்தான் என்பதை அமெரிக்கக் காட்டைவிடக் கொடூரமாக அது காட்டியது. லாபம் சங்கிலியின் மறுமுனையில் இருக்கிறது.

காதுக்கு என்ன கிடைக்கிறது

எலெக்ட்ரிக் கிட்டாரின் ஓசை மரப்பெட்டியின் அதிர்விலிருந்து நேரடியாக வருவதில்லை. எஃகுத் தந்தியின் அடியில் காந்தமும் கம்பிச்சுருளும் இருக்கின்றன. தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்னோட்டம் பிறக்கும், பெருக்கி அதை ஒலியாக்கும். மரம் செய்யக்கூடியது தந்தியின் ஆற்றலைக் கொஞ்சம் உறிஞ்சுவது மட்டுமே. கழுத்தின் விறைப்பைப் பொறுத்துச் சில இடங்களில் சுரம் சீக்கிரம் அணைந்துபோகும், அது அளந்து பார்த்த உண்மை. ஆனால் அது கழுத்தின் வேலை. உடலின் மேல் ஒட்டிய முகப்புப் பலகையில் புலிவரி ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மரமே ஒலிக்கும் சாதாரணக் கிட்டாரில்கூட நிலைமை வியப்பூட்டுகிறது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வேறுபட்ட ஆறு கிட்டார்களைச் செய்வித்து, 52 வாசிப்பாளர்களுக்குக் கண்ணை மறைத்துக் கொடுத்தார்கள். விலையுயர்ந்த பிரேசில் ஈட்டியையும் மலிவான மரங்களையும் அவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. 2018-இல் வெளியான முடிவு இது. பிரையன் மே 1963-இல் தந்தையோடு சேர்ந்து செய்யத் தொடங்கி, குயின் இசைக்குழுவில் வாழ்நாள் முழுக்க வாசித்துவரும் கிட்டாரின் கழுத்து, பழைய வீட்டுக் கணப்படுப்பின் மேற்சட்டம். அதில் இருந்த பூச்சி ஓட்டைகளைத் தீக்குச்சியால் அடைத்தார். அந்த ஓசையைக் குறைசொன்னவர் யாருமில்லை.

வலிமையைப் பார்த்தால் வரி பாதகமே. வளைந்த இழை நீளவாக்கில் விறைப்பைக் குறைக்கும். ஆகவே வரி முகத்துக்கு, நேர் இழை கழுத்துக்கு என்பது பல பட்டறைகளின் நடைமுறை.

வேறு வழிகள்

காதுக்கு வேலையில்லை, கண்ணுக்கு மட்டுமே என்று ஆனபின் வழிகள் பல திறக்கின்றன. முதலாவது வெனீர். முக்கால் அங்குலச் செதுக்குப் பலகையின் இடத்தில் அரை மில்லிமீட்டர் சொச்சம் தடிமனுள்ள தோலைக் கத்தியால் சீவி ஒட்டினால், ஒரு முகப்புக்கான மரம் சுமார் 30 முகப்புகளுக்கு வரும். வெனீரைப் போலி என்று ஒதுக்குவது கிட்டார் ரசிகர்களிடையே வழக்கம். கண்ணுக்கான அழகு மேற்பரப்பிலேயே முடிந்துவிடுகிறது என்பதால் அந்த இளக்காரத்துக்கு அடிப்படை இல்லை. வரியைப் படமாக அச்சிட்டு ஒட்டும் முறை வேறு. 1990-களில் ஜப்பானிய ஃபெண்டர் கிட்டார்கள் சிலவற்றில் அது வந்தது. சாய்த்துப் பார்த்தால் ஒளி நகராது, அசல் இல்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஏற்கெனவே விழுந்த மரம். ஆற்றடியில் மூழ்கிய கட்டைகள், தோப்பு அழிப்பில் வரும் வால்நட், இடித்த வீட்டின் உத்தரம், நகரத்துச் சாலையோரத்தில் வயதாகி வெட்டப்படும் மரம், விறகுக் குவியல். இவற்றில் தேட நேரமும் பொறுமையும் வேண்டும், பணம் குறைவாகவே ஆகும்.

மூன்றாவது, வளர்ப்பது. கரேலியப் பூர்ச்ச மரத்தின் வரி விதை வழியே ஒரு பகுதிக் கன்றுகளுக்கு இறங்குவதால் பின்லாந்தில் அதைத் தோட்டமாகவே போட்டிருக்கிறார்கள். ஜெர்மனியில் வரியுள்ள மேப்பிளைத் திசு வளர்ப்பில் பெருக்கிப் பார்க்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் ரிம் டோன்வுட்ஸ் நிறுவனம், கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வரியுள்ள அகன்ற இலை மேப்பிள்களிலிருந்து கன்றுகள் உருவாக்கி நட்டு வளர்க்கிறது. இவை இரண்டடி விட்டத்துக்குப் பருக்கும்வரை பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டும். நட்டவர்கள் அறுப்பைப் பார்க்கப்போவதில்லை, பனையை அடுத்த தலைமுறைக்கு என்று நட்டவர்களுக்கு இது புரியும்.

தீர்ப்பு

வரி ஓடிய மரம் அழகானது, அதைத் தேடுவதில் தவறு ஏதுமில்லை. அது ஓசையைக் கூட்டும் என்று சொல்லி விற்பதுதான் தவறு. அழகுக்காக என்று ஒப்புக்கொண்டுவிட்டால், காட்டில் நிற்கும் மரத்தின் பட்டையைக் கொத்த வேண்டிய அவசரம் எதுவும் மிஞ்சாது. இழுப்பறைப் பெட்டியின் பலகையும் ஒட்டுவால்நட்டின் அடிமரமும் மெல்லிய வெனீரும் அந்த வேலைக்குப் போதும்.

வரியைக் காட்டுவதற்கான ஈரத்துணி விற்பவரிடம் எப்போதும் இருக்கும். மரம் எங்கே நின்றது, யார் வெட்டினார் என்று சொல்லும் காகிதம் இருக்கிறதா என்பதை வாங்குகிறவர்தான் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால், பலகை எவ்வளவு மின்னினாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.